என் கன்னத்து மங்கு

ஜனவரி 20, திங்கள்

இன்று கடையில் தினேஷ் என்னை நிற்கவைத்தான், உட்காரவைத்தான், இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்றான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இந்த அளவுக்குப் பார்த்ததில்லை. முதலாளி மகன், என் பெண் குழலியைவிட நாலைந்து வயது பெரியவன், அவ்வளவுதான். படிப்பு முடித்துவிட்டு வந்து பட்டுக்கடையைப் பாதி போனுக்குள் ஏற்றிவிட்டான். தினமும் லைவ். புடவையைத் தோளில் போட்டு, முந்தியை விரித்து, விலை சொல்லி விற்பது நான். முன்பு எதிரே பாயில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஒரு போன் உட்கார்ந்திருக்கிறது.

"உங்க வாய்க்குத்தான்கா புடவை போவுது. ஆனா இந்த லைட்டுல கன்னத்துல அந்தக் கறுப்பு ரொம்ப தெரியுது. கமென்ட்ல வேற கேக்குறாங்கோ" என்றான்.

என்ன கேட்கிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. கமென்ட் படிக்கும் ரேணுகாம்பாள் சொன்னாள். 'ஆன்ட்டி மூஞ்சில என்னா மேப்பு?' சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அது கறுப்பு இல்லை, மங்கு. குழலியை வயிற்றில் வைத்திருந்தபோது விழுந்தது. அவளுக்கே கல்யாணமாகித் திருத்தணிக்குப் போய்விட்டாள், இது இன்னும் போகவில்லை. புடவை முழுக்கச் சரிகை போட்டுக்கொண்டு நின்றாலும் ஜனங்கள் கன்னத்தைத்தான் பார்ப்பார்களாம்.

ஜனவரி 21, செவ்வாய்

கடை லீவு. யாரிடமும் சொல்லாமல் நகைக்கடை மாடியில் இருக்கும் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். ஏசி, வெள்ளை சோபா, சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சர்டிபிகேட். நடத்துகிறவள் பெயர் பிரவீனா. வெள்ளைக் கோட்டு. எல்லோரும் டாக்டர் டாக்டர் என்கிறார்கள், அவளும் "ம்" என்கிறாள்.

பீல் என்று ஒன்று செய்வாளாம். லேசான ஆசிட். மேல்தோல் உரிந்து உள்ளிருந்து புதுத் தோல் வரும். கத்தி இல்லை, தையல் இல்லை, மதிய சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டுப் போகலாம். "மங்கு பர்மனென்டா போயிடும்மா. கேரன்டி" என்றாள்.

வீட்டுக்காரரிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். இவருக்குச் சாயப்பட்டறை, வீட்டுக்குப் பின்னாலேயே. நமச்சிவாயம் போட்ட அரக்குச் சாயத்துக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. திட்டுவார் என்று பார்த்தால், யோசித்துவிட்டு, "பட்டுக்குப் பசை எடுக்கற மாதிரியா?" என்றார். நெசவுக்கு வரும் கச்சாப் பட்டு மங்கலாக, விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்தால்தான் மினுக்கும். ஆமாம், அந்த மாதிரிதான் என்றேன். அவருக்குத் திருப்தி.

"இன்னா ஆசிட்டு? எவ்ளோ நேரம் ஊற வெப்பாங்கோ?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் பீல் போன மாதமே முடிந்தது, இன்று இரண்டாவது. சுரீர் என்றது, பிறகு சரியாகிவிட்டது. மூக்கோரம் சருகு மாதிரி உரிகிறது. உரிக்கக் கூடாது என்று சொன்னார்கள். கை சும்மா இருந்தால்தானே!

மார்ச் 23, ஞாயிறு

போன வாரம் மூன்றாவது முடிந்தது. பொய் சொல்லக் கூடாது, முகம் மாறித்தான் இருக்கிறது. மங்கு முழுக்கப் போகவில்லை, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. கமென்டில் ஒருத்தி 'அக்கா என்னா கிரீம் போடுறீங்க' என்று கேட்டாள். நான் "வெண்ணெய், தயிர், நல்ல மனசு" என்றேன். அன்றைக்கு மட்டும் எத்தனையோ புடவை போனது. தினேஷ் வாயெல்லாம் பல்.

இவரும் பார்க்கிறார். சாப்பாடு போடும்போது நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறார். "பிள்ளையைக் கட்டிக் குடுத்தப்புறம் மாப்ள பார்வை என்னா?" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். எனக்கும்தான் வெட்கம். நாற்பத்தைந்து வயதில் தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எல்லாம் போச்சு. ஏகாம்பரநாதர் தேருக்குப் போனேன். வெயிலில் நிற்கக் கூடாது என்று பிரவீனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தேர் அன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியுமா? வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். சாமி நகர்ந்தால் நாமும் நகர்கிறோம். மதியம்வரை வெயிலில்.

பழைய மங்கைவிடக் கறுப்பாக வந்திருக்கிறது. புது இடத்திலும், மேலுதட்டு மேலே. மீசை மாதிரி.

ஏப்ரல் 17, வியாழன்

பிரவீனா திட்டினாள். பிறகு, "அட்சய திருதியைக்கு முன்னாடி ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுடலாம். ஒரே சிட்டிங். மூணு பீல் பண்ணது இதுல ஆயிடும்" என்றாள். தினேஷ் அன்றைக்குக் காலையிலிருந்து இரவுவரை லைவ் வைத்திருக்கிறான். முகம் தயாராக வேண்டும்.

சரி என்றேன். யார் சொல்லியும் இல்லை. நானேதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எரிகிறது. எழுத முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இடது கண் திறக்கிறது, பார்வைக்குக் குறைவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறந்துபோவதற்குள் நடந்ததை எழுதிவைக்கிறேன். மறக்குமா என்ன.

அன்றைக்கு பிரவீனா பஞ்சால் இரண்டு கன்னத்திலும் தடவினாள். போட்டதுமே தெரிந்துவிட்டது, இது பழைய எரிச்சல் இல்லை. எரியுதும்மா, எரியுதும்மா என்றேன். சின்ன ஃபேன் ஒன்றை முகத்துக்கு நேராக வைத்தாள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள். போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். ஏதோ கல்யாணப் பெண்ணுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தாள், அது நன்றாகக் காதில் விழுந்தது. திரும்பி வந்து பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஈரத் துணியால் துடைத்தாள், ஏதோ கிரீம் தடவினாள், "வீட்டுக்குப் போயி ஐஸ் வைங்க" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது.

இவர் பட்டறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரே வார்த்தை: "ஆசிட்டு." வேறு எதுவும் கேட்கவில்லை. சாயத் தொட்டிக்கு ஆசிட் கலக்கும்போது கையில் தெறித்தால் சோடாத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். இவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பசை எடுக்கிற சோடா எப்போதும் டப்பாவில் பக்கத்திலேயே இருக்கும். ஒரு கை அள்ளிச் சொம்பில் கரைத்து, என் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தில் ஊற்றினார். நான் கத்தினேன். "பொறுத்துக்கோ வேணி, இப்ப அடங்கிடும், இப்ப அடங்கிடும்." மறுபடியும் கரைத்து ஊற்றினார். துண்டால் ஒற்றியபோது தோல் துண்டோடு வந்தது.

அப்போதுதான் அவர் கை நின்றது.

ஏப்ரல் 29, செவ்வாய்

டாக்டர் நிக்கத் என்று ஒரு அம்மா, தோல் டாக்டர், நிஜமான டாக்டர். அதிகம் பேசுவதில்லை. இன்று உட்கார்ந்து பேசினார்.

பீல் என்பதே விஷம் இல்லையாம். லேசானதை, தெரிந்தவர்கள், பார்த்துப் பார்த்துச் செய்தால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. "ஆனா நம்ம கலருக்கு ஸ்ட்ராங்கானது போடவே கூடாதும்மா. சுட்டுடும், கறுத்துடும். மங்கை யாரும் கேரன்டியா எடுக்க முடியாது. கொறைக்கலாம். வெயில் பட்டா திரும்ப வரும். இதைச் சொல்லாதவங்க கிட்ட முகத்தைக் குடுக்கக் கூடாது."

இதை ஜனவரியில் ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? கேரன்டி என்று சொன்ன மாடிக்குத்தான் போயிருப்பேன்.

பிறகு நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "சோடா ஊத்தலன்னா இவ்ளோ ஆயிருக்காதா டாக்டர்?"

"வெறும் தண்ணிதான் ஊத்தியிருக்கணும், நிறைய. ஆசிட் அதுக்குள்ள உள்ள போயிடுச்சு, சோடா அதை ஒண்ணும் பண்ணியிருக்காது. வெந்த தோல் மேல அது வேற சுட்டிருக்குது. எதுனால எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

இவர் கதவுப் பக்கம் டீ ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றிருந்தார் என்று தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் பட்டறைப் பக்கம் போவதில்லை. நூல் கொடுத்தவர்கள் வந்து வந்து கேட்கிறார்கள், உடம்பு சரியில்லை என்கிறார். "ஆசிட் வெச்சது அவ, நீ இல்ல" என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார். மருந்து போட்டுவிடுகிறார், சோறு பிசைந்து கொடுக்கிறார், ஆனால் கண்ணை என் கழுத்துக்கு மேலே தூக்குவதில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது. முகம் போனது எனக்கா இவருக்கா? நான் யாரிடம் போய் அழுவது?

மே 9, வெள்ளி

டாக்டர் நிக்கத் சொன்னபடி மாவட்ட சுகாதார ஆபீசில் புகார் கொடுத்தோம். பிரவீனா டாக்டரே இல்லையாம், ஏதோ டிப்ளமோவாம். இந்த ஆசிட்டைத் தொடவே கூடாதாம். மனசு கொஞ்சம் ஆறியது.

மே 12, திங்கள்

ரேணுகாம்பாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். அவள் வாயில் நிற்காது என்று தெரியும். ஆனாலும் இது.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கோ தெரியுமா? தப்பா எடுத்துக்காத. லைவ்ல சிங்காரிச்சுக்கினு நிக்கிறது புருஷனுக்குப் புடிக்கலியாம். சாயப்பட்டறை ஆசிட்டை எடுத்து ஊத்திட்டாராம்."

அடிப்பாவிங்களா. என் புருஷனையா? ஒரு எறும்பை மிதிக்க யோசிக்கிற மனுஷனையா?

இவர் உள்ளேதான் இருந்தார்.

மே 13, செவ்வாய்

பிரவீனாவின் அண்ணன் வந்தான். பெரிய வண்டி, மரியாதையான பேச்சு. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"எங்க பீலால ஒண்ணும் ஆகலண்ணா. நீங்க வீட்ல ஊத்தினதாலதான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்லயே சோடான்னு இருக்குது. வூட்ல ஆசிட் கேன் வெச்சிருக்கிறது நீங்க. சம்சாரம் முகத்துல கை வெச்சது நீங்க. போலீசு வந்தா எங்களைக் கேப்பாங்களா, உங்களைக் கேப்பாங்களா? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இவர் ஆமாம், நான்தான் செய்தேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவனைவிட இவர் உட்கார்ந்திருந்த விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. யார் கேட்டாலும் இந்த மனுஷன் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறார். கூட்டிப்போய் உள்ளே தள்ளினாலும் ஆமாம் என்றுதான் போவார்.

மே 16, வெள்ளி

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் தனியாகத்தான் போனேன், இவருக்கு ஜுரம் என்றேன்.

அந்த ஆபீசர் பொறுமையாகத்தான் கேட்டார். மாடியில் என்ன போட்டார்கள்? வீட்டில் யார் என்ன ஊற்றினார்கள்?

சொன்னேன். மாடியில் லேசாகத்தான் எரிந்தது என்று சொன்னேன். சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்று வீட்டில் நானாகவே ஏதோ கிரீம் போட்டேன், எரிந்தது, நானாகவே சோடாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டேன், வீட்டுக்காரர் அப்போது ஊரிலேயே இல்லை, முசரவாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார் என்று சொன்னேன். ஆபீசர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. இப்படி எழுதினா அவங்க மேல ஒண்ணும் பண்ண முடியாது." யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மருந்து கரைந்து வாயில் கசந்தது. என் முகத்தைக் கெடுத்தவளுக்கு நானே நல்லவள் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? முகம் போனது போனதுதான். புருஷனையும் கொடுக்க முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

குழலி வீடியோ கால் போட்டாள். இத்தனை நாள் போனைக் கூரைக்குக் காட்டிக்கொண்டே பேசிச் சமாளித்தேன், சிக்னல் இல்லை என்றேன். இன்று அவள் விடவில்லை. காட்டினேன்.

அவள் போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.  பிறகு, "சாப்டியாமா?" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

புண் ஆறிவிட்டது. இடது கன்னம் இழுத்துப்பிடித்த மாதிரி, அங்கங்கே கறுப்பு, நடுவில் வெள்ளை. சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகிறது. இனி இவ்வளவுதான், வெயிலில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர் நிக்கத்.

தினேஷ் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான். நல்லவன்தான் என்று சொல்ல வேண்டும். புடவை போட்டுக் காட்ட கலைவாணி என்று புதுப் பெண், தாமலிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நான் போனுக்குப் பின்னால் மாஸ்க் போட்டு நின்று பேச வேண்டும். அவள் உடம்பு, என் வாய். வியாபாரம் குறையவில்லை.

ஜூலை 19, சனி

மாடி கிளினிக் திறந்தேதான் இருக்கிறது. வாசலில் புது போர்டு. போகும்போது ஒரு பெண் தன் அம்மாவோடு படி ஏறிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்ல? அவர்கள் மேல் தப்பில்லை என்று நான் எழுதிக்கொடுத்ததைப் பிரவீனாவின் அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான், இவர் காதுக்கும் வந்துவிட்டது.

இவர் பட்டறைக்குப் போகிறார். சாயம் கலக்குவார், ஆசிட் ஊற்றும் நேரத்துக்குப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் கூப்பிடுகிறார். போனில் என் லைவைப் போட்டுவிட்டு வேலை செய்கிறாராம். முகத்தைப் பார்க்காத மனுஷன் குரலையாவது கேட்கிறாரே.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆவணி முகூர்த்தப் புடவைக்கு லைவ். ஆரம்பிக்கும் முன் தினேஷ் ஒரு காகிதத்தைக் கொடுத்தான். முகூர்த்தப் புடவை வாங்கும் பெண்ணுக்கு 'பிரைடல் குளோ' கூப்பன் இலவசம். எங்கே? மாடி கிளினிக்கில். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "அக்கா, நீங்கதானே ஆபீஸ்ல எழுதிக் குடுத்தீங்க, அவங்க மேல தப்பில்லன்னு? அப்புறம் என்னாக்கா?" என்றான். காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். படித்தேன். தேன் ஒழுகத்தான் படித்தேன். கலைவாணி அரக்குப் புடவையில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ரேணுகாம்பாள் கமென்டைப் படித்தாள். "'அக்கா, நீங்க அங்க பண்ணிக்கினீங்களா? நல்லா இருக்குமா? எனக்கு ஆவணில கல்யாணம்.'" படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் போனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். கலைவாணியை மெதுவாக நகர்த்தினேன். மாஸ்க்கை எடுத்தேன்.

"பண்ணிக்கினேன்மா. இதோ பாரு. அங்கதான் பண்ணிக்கினேன். போவாத கண்ணு."

தினேஷ் ஓடிவந்து போனைப் பிடுங்கினான். எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியவில்லை. கத்தினான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். அந்த மாடிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், எழுதிக்கொடுத்துவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறாயே என்றான். அவன் சொன்னது சரிதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

ரேணுகாம்பாள் பின்னாலேயே ஓடிவந்தாள். லைவை அழிப்பதற்குள் ஒரு கமென்டைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். "அண்ணன் பேர்ல வந்துச்சு. அவரேவா போட்டாரு?" என்று காட்டினாள்.

'இது என் சம்சாரம். ஆசிட் வெச்சது அந்த மாடில. வீட்ல சோடா ஊத்தினது நான். தெரியாம ஊத்திட்டேன். அவங்களா ஊத்திக்கினதா எழுதிக் குடுத்தது பொய். நமச்சிவாயம் சாயப்பட்டறை.'

நடுரோட்டில் நின்று மூன்று தடவை படித்தேன். ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது சட்டை மாற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "அந்த ஆபீசுக்குப் போயி சொல்லிடலாம் வேணி. உள்ளதை உள்ளபடி" என்றார். உன்னை உள்ளே வைத்துவிட்டால் என்றேன். "நான் ஊத்தினதுக்கு நான் பதில் சொல்றேன். அவங்க வெச்சதுக்கு அவங்க சொல்லட்டும். ரெண்டையும் நானே தூக்கிக்கினு இருந்தேன்."

பேசும்போது என்னைப் பார்த்துத்தான் பேசினார். கன்னத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல. எனக்குத்தான் தாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆபீஸ் சாத்தியிருப்பார்கள். நாளை காலையில் போகிறோம், இரண்டு பேரும். நான் சொன்ன பொய்யை நானே திருப்பி வாங்க வேண்டும். அந்த ஆபீசர் திட்டுவார், திட்டட்டும்.